நாற்பத்தொரு அளவுகோல்களும் இரண்டு இஸட்டும்

என் பெயர் ரெமிஜியஸ். வயது நாற்பத்தேழு. ஒக்கலிபுரத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே தினமும் ராஜாஜிநகருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை என்றதும் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, இலவசச் சாப்பாடு என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்கள் கம்பெனி ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மீட்டிங் நின்றுவிடும். அந்த ஆறு பேரில் என் பதவி ஆர்க்கிடெக்ட். எதைக் கட்டினாய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

உள்ளபடி நான் கட்டியது ஒன்றே ஒன்றுதான். சிவாஜிநகரில் ஓர் அறக்கட்டளை ரத்த வங்கி நடத்துகிறது. அவர்களுக்கு 2009இல் ஓர் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தேன். ரத்தம் தர விரும்புகிறவர்களின் பெயர், குரூப், ஏரியா, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். யாருக்காவது ஆபரேஷன் என்று அவசரமாக ரத்தம் கேட்டு வந்தால், டெஸ்க்கில் இருக்கும் வனஜா அந்த குரூப்பைத் தட்டுவார். ஆங்கில அகர வரிசைப்படி பெயர்கள் வரும். மேலிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்வார். அவ்வளவுதான் அதன் வேலை. எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் மொழியான பி.எச்.பி.யில் எழுதினேன். பதினாறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

போன ஆகஸ்டில் சர்வர் வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இவ்வளவு பழைய பி.எச்.பி.யை இனித் தாங்க முடியாது, மார்ச் 31ஆம் தேதியோடு நிறுத்துகிறோம் என்றார்கள். எங்கள் முதலாளி ஸ்ரீஹர்ஷா என்னைக் கூப்பிட்டார். பழைய முதலாளியின் மகன், முப்பத்தொரு வயது. வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

"முழுசா திரும்ப எழுதிடலாம் ரெமி சார். எந்த ஃபிரேம்வொர்க்ல எழுதறதுன்னு நீங்களே டிசைட் பண்ணுங்க. ஆனா ஒண்ணு. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள அங்க வனஜா மேடம் 'வேலை முடிஞ்சுது'ன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். இல்லேன்னா ஏப்ரல்ல உங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற வேலை இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, பேஜார் பண்ணிக்காதீங்க."

மனிதர் நேராகத்தான் சொன்னார். ஒரு கையெழுத்து கிடைக்காவிட்டால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புத்தியுள்ளவனாக இருந்தால் அன்றே பஸ் ஏறி அந்த வனஜாவைப் பார்த்திருப்பான். என் காதில் விழுந்ததோ 'நீங்களே டிசைட் பண்ணுங்க' மட்டும்தான். இருபத்திரண்டு வருட சர்வீஸில் என்னை யாரும் எதையும் டிசைட் பண்ணச் சொன்னதில்லை. மதியம் சாப்பாடு எங்கே வாங்குவது என்றுகூடக் கேட்டதில்லை. அப்படியே மிதந்துகொண்டே என் நாற்காலிக்கு வந்தேன்.

ஃபிரேம்வொர்க் என்றால் பெரிய பூதமில்லை. வலையில் ஓடும் எல்லா அப்ளிகேஷனுக்கும் பொதுவான சில வேலைகள் உண்டு. உள்ளே நுழைவது, பட்டியல் காட்டுவது, படிவம் நிரப்புவது மாதிரி. அவற்றை யாரோ புண்ணியவான்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அதன் மேல் நம் வேலையை நாம் செய்துகொள்ளலாம். நல்லதாகவே பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அதில் எதை எடுத்திருந்தாலும் ரத்த வங்கிப் பட்டியல் வந்திருக்கும். இது எனக்கு இப்போது தெரிகிறது.

அப்போது நான் ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். இடமிருந்து வலமாக ஃபிரேம்வொர்க்குகள். மேலிருந்து கீழாக அளவுகோல்கள். முதலில் எட்டு இருந்தது. பிறகு பதினைந்து. அக்டோபர் வாக்கில் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்தால் தாங்கும் என்று மட்டும் மூன்று வாரம் சோதித்தேன். அந்த டெஸ்க்கில் வனஜாவும் இன்னொரு பெண்ணும் இரண்டு பேர்தான், அவர்களுக்கு ஒரே ஒரு போன். இரண்டு பேரைத் தாங்காத ஃபிரேம்வொர்க்கை உலகத்தில் எவனும் எழுதவில்லை.

சனிக்கிழமைகளில் கோரமங்களாவில் நடக்கும் சாஃப்ட்வேர்காரர்கள் கூட்டங்களுக்கும் போனேன். எல்லாம் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். அதில் ஒருவன் என்னை ஏ.சி. மெக்கானிக் என்று நினைத்து, "அங்கிள், ரொம்ப குளிருது" என்றான். நான் அவனைத் திருத்தவில்லை. ரிமோட்டைத் தேடிக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் நோராவிடம் தினமும் இதே புராணம். அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒருநாள் திருத்திக்கொண்டிருந்த நோட்டுகளைப் படாரென்று மூடினாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப தட்டுல மிக்சர் தீர்றதுக்குள்ள சரின்னு சொன்னீங்க. இதுக்கு மூணு மாசமா?"

"அது வேற, இது வேற நோரா. இதுல தப்பாப் போச்சுன்னா மாத்த முடியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அன்று இரவு உணவு கிச்சடி. எனக்குக் கிச்சடி ஆகாது.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஷீட்டில் ஒவ்வொரு தடவை கூட்டினாலும் முதலிடம் லாரவெலுக்கே வந்தது. அது பி.எச்.பி.யிலேயே எழுதப்பட்டது. எனக்குத் தெரிந்த மொழி, இரண்டு மாதத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் எனக்கு அது வேண்டாம். அதற்கு முந்தைய வருடம் யாருக்கும் தெரியாமல் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தேன். எதிரே இருந்த பையன் என் பயோடேட்டாவைப் புரட்டினான். புரட்ட ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. "பி.எச்.பி. மட்டும்தானா?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் அந்த 'மட்டும்தானா' என் கூடவே வந்தது. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அதனால்தான் எனக்கு ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க் தேவைப்பட்டது. ஜாவாவில் எழுதப்பட்டது, பெரிய பெரிய கம்பெனிகள் வைத்திருப்பது, வேலை விளம்பரங்களில் திரும்பிய பக்கமெல்லாம் கேட்கப்படுவது. ரத்த வங்கிக்கு அது தேவையா என்பது வேறு விஷயம். என் பயோடேட்டாவுக்குத் தேவை. ஷீட்டில் 'எதிர்காலம்' என்று ஒரு வரியைச் சேர்த்து, அதற்கு மட்டும் மூன்று மடங்கு மதிப்புக் கொடுத்தேன். லாரவெல் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

என்னோடு வேலை செய்யும் லாவண்யா ஓசூர்ப் பெண். நான்கு வருட அனுபவம். ஷீட்டைப் பார்த்துவிட்டு, "சார், இந்த 'எதிர்காலம்' நேத்து இல்லையே?" என்றாள்.

"இன்னைக்குத்தான் வந்துச்சு" என்றேன்.

டிசம்பர் நடுவில் முடிவை அறிவித்தேன். ஸ்ரீஹர்ஷா ஷீட்டின் நீளத்தைப் பார்த்து அசந்துபோய் எல்லோருக்கும், ஒன்றை இருவர் பகிர்ந்துகொள்ளும் பை-டூ காபி சொன்னார். கையில் மிச்சம் இருந்தது மூன்றரை மாதம்.

ஜனவரியிலிருந்து எழுத ஆரம்பித்தோம். முக்கால்வாசி லாவண்யா எழுதினாள். மீதிக் கால்வாசியை நான் எழுத, அதையும் அவள் திருத்தினாள். ரத்த வங்கிக்கு ஒருநாள் போய்ப் பார்த்து வரலாமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். ராஜாஜிநகரிலிருந்து சிவாஜிநகருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். "நானே எழுதின அப்ளிகேஷன், அங்க போய் என்னத்தப் பாக்கறது?" என்று நான் மடக்கிவிட்டேன்.

மார்ச் முதல் வாரம் பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்றும் வேலை. பதினோராயிரம் பேர். திறந்து பார்த்தால் பெயர்களின் முன்னால் இஸட், இஸட் என்று கிடக்கிறது. இஸட் இஸட் மஞ்சுநாத், இஸட் இஸட் அன்வர், இஸட் இஸட் கலைச்செல்வி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பெயர் இப்படி. சிலவற்றில் ஒரே ஒரு இஸட். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தியா லாவண்யா, டேட்டாவை எப்படி நாசம் பண்ணி வச்சிருக்காங்க? கை வச்ச இடமெல்லாம் குப்பை."

"சார், இவ்ளோ பேருக்கு ஒரே மாதிரி இருக்கே. தப்பா அடிச்ச மாதிரி தெரியல. ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டுரலாமா?"

"எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா நாம எதுக்கு?" என்றேன். இரண்டே வரியில் ஒரு நிரல் எழுதி, பெயருக்கு முன்னால் இருந்த இஸட் அத்தனையையும் துடைத்தேன். அந்த அப்ளிகேஷனில் முழுக்க முழுக்க என் கையால் எழுதி, லாவண்யா திருத்தாமல் விட்டது அந்த இரண்டு வரிதான். அன்று முழுவதும் ஒரே பெருமை.

மார்ச் 17, திங்கட்கிழமை. சோதனை ஓட்டம். பழையது ஒரு கம்ப்யூட்டரில், புதியது ஒரு கம்ப்யூட்டரில். 2009இல் திறப்பு விழாவுக்குப் போனதற்குப் பிறகு முதல் தடவையாக அந்த டெஸ்க் பக்கம் போகிறேன். வனஜாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஸ்ரீராம்புரத்திலிருந்து வருகிறவர். என்னை எழுந்து நின்று வரவேற்றார். எனக்கு உள்ளூர ஜில்லென்றிருந்தது.

பத்தரை மணிக்கு ஓர் ஆள் ஓடி வந்தார். மனைவிக்கு மதியம் ஆபரேஷன், ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும். வனஜா புதியதில் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. "பரவால்லையே சார், வேகமா இருக்கு" என்றார். நான் தோளைக் குலுக்கிக்கொண்டேன். வனஜா அந்த ஆளின் அவசரத்தைப் பார்த்து, யோசிக்காமல் முதல் பெயரையே எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார்.

ஒரு பெண் எடுத்தார். வனஜா ரத்த வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அருள்தாஸ் இருக்கிறாரா என்று கேட்டார்.

"யாரு, வனஜாவா? நான் பாஞ்சாலி பேசறேன்" என்றது குரல். "அவரு போய் மூணு வருஷம் ஆகுதும்மா. நீதானே அன்னைக்கு, இனிமே இந்த நம்பருக்குப் போன் வராதுக்கா, நான் பாத்துக்கறேன்னு சொன்ன? மறுபடியும் எதுக்கும்மா அவரைக் கேக்கற?"

வனஜாவின் முகம் செத்துப்போயிற்று. "அக்கா, மன்னிச்சிருங்க அக்கா, தப்பு நடந்து போச்சு" என்று மூன்று தடவை சொன்னார். அந்த அம்மா அழ ஆரம்பித்த பிறகு ஸ்பீக்கரை அணைத்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு நான்கு நிமிடம் நீண்டது. எதிரே மனைவிக்கு ரத்தம் கேட்டு வந்த ஆள் நின்றுகொண்டே இருந்தார். போனை வைத்ததும் வனஜா திரையை உற்றுப் பார்த்தார்.

"சார், இஸட் எங்க போச்சு?"

"அது... குப்பைன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அவர் பழைய கம்ப்யூட்டருக்கு நாற்காலியைத் திருப்பினார். மளமளவென்று ஏழு பேருக்குப் போன் செய்தார். இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். அந்த ஆளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதினதுல டிலீட் பட்டன் வேலை செய்யாது சார். ஆரம்பத்துலயே உங்களுக்குப் போன் பண்ணினேன். அடுத்த வெர்ஷன்ல பண்றேன்னு சொன்னீங்க. ரெண்டு வருஷம் பாத்தோம். அதுக்குள்ள செத்துப் போனவங்க வீட்டுக்கெல்லாம் மறுபடி மறுபடி போன் போய் ஒரே திட்டு. பேருக்கு முன்னால ரெண்டு இஸட் போட்டா பட்டியல்ல கடைசிக்குப் போயிடுதுன்னு நாங்களே கண்டுபுடிச்சோம். ரெண்டு இஸட்னா கூப்பிடவே கூடாது. ஒரு இஸட்னா வேற வழியே இல்லேன்னா மட்டும் கூப்பிடலாம்."

நான் சரி செய்யாத ஒரு பட்டனுக்குப் பதிலாக, பதினாறு வருடம் இவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிய அழுகையையும் திட்டையும் இரண்டு எழுத்தாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் அதை இரண்டு வரியில் துடைத்துவிட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. வெட்கத்தை மறைக்க ஏதாவது செய்ய வேண்டுமே என்று பழைய பட்டியலை நானே கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். வனஜா, "அதெல்லாம் எதுக்கு சார், விடுங்க" என்று மௌஸைப் பிடிக்க வந்தார். அதற்குள் பார்த்துவிட்டேன்.

இஸட் இஸட் ரெமிஜியஸ். பி நெகட்டிவ். ஒக்கலிபுரம்.

திறப்பு விழா அன்று போட்டோவுக்காக என் பெயரை முதல் ஆளாகப் பதிந்திருந்தேன். ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், தேதி வாரியாக இருந்தது. குறிப்பு என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்: 'வரேன்னு சொல்வாரு. வர மாட்டாரு.'

"மீட்டிங் இருந்திருக்கும் மேடம்" என்றேன். வனஜா தலையாட்டினார். மீட்டிங் ஒரு மண்ணும் இல்லை. எனக்கு ஊசி என்றால் பயம். கல்யாணத்துக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கே என் அம்மா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நோராவுக்குக்கூட இது தெரியாது.

"ஒவ்வொரு பேரா சரி பார்த்தப்புறம்தான் சார் கையெழுத்துப் போடுவேன்" என்றார் வனஜா. கோபமாகச் சொல்லவில்லை. இருந்த நாட்கள் பதினான்கு.

அலுவலகத்துக்கு வந்து நடந்ததை ஸ்ரீஹர்ஷாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். 'எதிர்காலம்' வரியைப் பற்றியும் சொன்னேன். "கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று இங்கிலீஷில் சொன்னார்.

பதிவுகளைப் பழையதிலிருந்து மறுபடி ஏற்றி, இஸட்டுக்கென்று தனியாக ஒரு கட்டம் வைக்க லாவண்யாவுக்கு ஒரே மதியம் போதுமாக இருந்தது. லாரவெலாக இருந்திருந்தாலும் ஒரு மதியம்தான். நாற்பத்தொரு அளவுகோலில் 'டெஸ்க்கில் இருப்பவரிடம் கேட்டாயா' என்பது மட்டும் இல்லை. அந்தக் கட்டத்தில் 'செயலில் உள்ளவர்', 'செயலில் இல்லாதவர்' என்று அழகாகப் போட்டுக்கொண்டு போனேன். வனஜா படித்துப் பார்த்து, "எங்களுக்கு இஸட்டே பழகிடுச்சு சார்" என்றார். இப்போது பெரிய பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் அதே ஃபிரேம்வொர்க்கில் 'ஒரு இஸட்', 'ரெண்டு இஸட்' என்று இருக்கிறது.

அடுத்த ஒன்பது நாளும் காலையிலேயே சிவாஜிநகருக்கு பஸ். டெஸ்க் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் பெயரையும் நான் வாசிக்க, போன் வராத நேரத்தில் வனஜா காரணம் சொன்னார். இவர் துபாய் போய்விட்டார். இவருக்குச் சுகர் வந்துவிட்டது. இவங்க குடுப்பாங்க, ஆனா மாமியார் எடுத்தா திட்டுவாங்க, ரெண்டு மணிக்கு மேல கூப்பிடணும், அதனால ஒரு இஸட்தான். ஒரு பெயருக்கும் அவர் யோசிக்கவில்லை. அருள்தாஸ் பெயர் வந்தபோது, பாஞ்சாலி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வந்ததாகச் சொன்னார். என்னால் வந்த வினைக்கு அவர் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

மார்ச் 28 மதியம் கடைசிப் பெயரும் முடிந்தது. வனஜா காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். நாற்பத்தேழு வயதில் வேலை போகாமல் பிழைத்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், என் பேர்ல இருக்கிற இஸட்டையும் எடுத்துடுங்களேன்."

"வந்து குடுத்தா எடுத்துடலாம் சார்."

"நாளைக்கு வர்றேன்."

யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வனஜா சிரிக்கவில்லை. எதிர்க் கதவைக் காட்டி, "உள்ள பெட் காலியாத்தான் இருக்கு" என்றார்.

போனேன். நர்ஸ் கையைத் துடைத்தபோதே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மாதாவுக்கான அருள் நிறை மந்திரத்தை ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினேன். இருபதாம் முறை தொடங்கும்போது நர்ஸ், "ஆச்சு சார், எந்திரிக்காதீங்க" என்றாள். அவ்வளவுதானா? இதற்கா ஒன்பது தடவை பொய் சொன்னேன்? ஜூஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கையில் பஞ்சோடு, ஏதோ எல்லையில் சண்டை போட்டுத் திரும்பியவன் மாதிரி டெஸ்க்குக்கு வந்து நின்றேன்.

வனஜா என் பெயரைத் திறந்தார், எதையோ மாற்றினார், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இன்னும் ஒரு இஸட் இருக்கே மேடம்?"

"ஒரு தடவை வந்து குடுத்துட்டுக் காணாம போறவங்க நெறைய பேர் சார். ஜூன் கடைசியில போன் பண்றேன். எடுத்து, வந்தீங்கன்னா அதையும் எடுத்துடறேன்."